அறுபது பைட்டுக்கு ஒரு சோதனை

இயங்குதளத்தின் கெர்னல், பயன்பாட்டு நிரல்கள் சொல்லும் எந்த முகவரியையும் நம்பிவிடக் கூடாது. “நினைவகத்தில் இந்த இடத்தில் இத்தனை பைட் இருக்கிறது, எடுத்துக் கோப்பில் எழுது” என்று ஒரு நிரல் கேட்டால், அந்த இடம் அந்த நிரலுக்கு உரிய பகுதிதானா என்று பார்த்த பிறகே கெர்னல் கை வைக்கலாம். பார்க்காமல் விட்டால், சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னலின் கையாலேயே கெர்னலின் ரகசியங்களை எடுத்துக்கொள்ள முடியும். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நானோநொடிக்கும் குறைவு. ஆனால் வேலை மிகுந்த ஒரு சர்வரில் இது நொடிக்குப் பல லட்சம் முறை நடக்கிறது. அதனால் இதிலிருந்து ஒரு கட்டளையை, ஒரு கிளைபிரிதலை மிச்சம் பிடிப்பது கெர்னல் பொறியாளர்களின் தீராத ஆசை. அப்படி மிச்சம் பிடித்த நிரல் வேகமாக ஓடும். ஆனால் பத்து வருடம் கழித்து அதைப் படிப்பவருக்குப் புரியுமா, ஒருவர் திருத்தும்போது இன்னொரு மூலையில் உடையுமா என்பது வேறு கேள்வி. லினக்ஸ் கெர்னலின் முப்பது வருட வரலாற்றில் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை ஓர் ஊர்ப்பெயரை வைத்தே பார்க்கலாம். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த ஒருவர், லினக்ஸ் கணினியில் தன் ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார் என்று கொள்வோம். யூனிகோடில் உயிர்மெய் எழுத்தின் கொம்பும் விசிறியும், மெய்யெழுத்தின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அந்தக் கணக்கில் ‘கருவேப்பிலங்குறிச்சி’ என்பது 20 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 60 பைட். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் நிரல் கெர்னலை அழைக்கிறது. அந்த அழைப்பில் மூன்று எண்கள் போகின்றன: எந்தக் கோப்பு, நினைவகத்தில் எந்த முகவரி, எத்தனை பைட்.

கோப்பைத் திறக்கும்போதே அனுமதி பார்த்தாயிற்று. மீதி இரண்டும் நிரல் சொல்வதுதான். இன்று வீட்டுக் கணினிகளில் பரவலாக இருக்கும் 64 பிட் எக்ஸ்86 செயலிகளில், வழக்கமான அமைப்பில், முகவரி வெளியின் அடிப்பகுதி 128 டெராபைட் பயன்பாட்டு நிரல்களுக்கு, உச்சிப்பகுதி 128 டெராபைட் கெர்னலுக்கு. நடுவில் இருப்பது யாருக்கும் உரிமையில்லாத பிரம்மாண்டமான வெற்றிடம். ஒரு முகவரியின் 64 பிட்டுகளில் தலைப்பிட் 0 என்றால் அது கெர்னலின் பக்கம் இல்லை. 1 என்றால் கெர்னல் பக்கம். ஊர்ப்பெயர் இருக்கும் இடமாகக் கெர்னல் பக்கத்து முகவரி ஒன்றை நிரல் கொடுத்தால், கெர்னல் தன் முழு அதிகாரத்தோடு அங்கே போய் 60 பைட்டை எடுத்து, பயனரின் கோப்பில் எழுதித் தந்துவிடும். அந்த 60 பைட்டில் இன்னொருவரின் கடவுச்சொல் இருக்கலாம். கோப்பைப் படிக்கும் அழைப்பில் ஆபத்து இன்னும் அதிகம். அதில் நிரல் சொன்ன இடத்தில் கெர்னல் எழுதும். தன் பாதுகாப்பு விவரங்களைத் தானே அழித்தும் எழுதும்.

ஆகவே தொடக்க முகவரியோடு நீளத்தைக் கூட்டி, கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றும். தோன்றியபடியே எழுதினால் பிழை. நீளமாக மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால், கூட்டுத்தொகை 64 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்து, சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிடும். சின்ன எண் எல்லைக்குள் இருப்பதால் சோதனை ‘சரி’ என்று சொல்லிவிடும். முறையாக எழுத வேண்டுமென்றால், நீளம் எல்லையை விடச் சிறியதா என்று முதலில் பார்த்து, பிறகு எல்லையிலிருந்து நீளத்தைக் கழித்த எண்ணோடு முகவரியை ஒப்பிட வேண்டும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு ஆக்சஸ்-ஓகே என்று பெயர். நான்கு வரியில் முடிந்துவிடும் சமாசாரம் என்று பார்த்தவுடன் தோன்றும்.

386 விட்டுப்போன மிச்சம்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இன்டெல் 386 கணினியில் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, சோதனையின் பெயர் வெரிஃபை-ஏரியா. அது முகவரி எல்லையை மட்டும் பார்க்கவில்லை. நிரலின் நினைவகப் பட்டியலைப் புரட்டி, கேட்ட பகுதி உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எழுத அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்தது. அதற்குக் காரணம் உண்டு. 386 செயலி கெர்னல் நிலையில் இயங்கும்போது, ‘எழுதக் கூடாது’ என்று குறித்த பக்கத்திலும் தடையில்லாமல் எழுதிவிடும். தடுக்கும் வசதி 486-இல்தான் வந்தது. செயலி செய்யாத காவலைக் கெர்னல் செய்யவேண்டியிருந்தது.

பட்டியலைப் புரட்டுவது மெதுவான வேலை. போதாக்குறைக்கு, சோதித்து முடித்த நொடியில் அதே நிரலின் இன்னொரு இழை அந்தப் பகுதியைக் கழற்றிவிடவும் முடியும். 1990-களின் பிற்பாதியில் வந்த 2.1 வரிசையில் அணுகுமுறை மாறியது. எல்லையைத் தாண்டுகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார். பக்கம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்காமலே எடுக்கப் போ. இல்லையென்றால் செயலியே தடுத்து நிறுத்தும். நின்ற இடத்தை ஓர் அட்டவணையில் தேடி, அதற்கென்று எழுதிவைத்த மீட்பு வழிக்குத் தாவி, ‘முகவரி தவறு’ என்று நிரலுக்குச் சொல். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளைக்கு அடுக்கும்போது நடப்பதும் இந்தக் கணக்குத்தான். வெந்தபின் விரிசல் கண்ட சாமானை ஒதுக்கிப் போட்டுக்கொள்ளலாம். அதற்காக ஒவ்வொன்றையும் முன்னமே தட்டிப் பார்ப்பது நேர விரயம். ஈரம் காயாத சாமானை மட்டும் உள்ளே விடக் கூடாது. அது சூளைக்குள் வெடித்துப் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். இல்லாத பக்கம் விரிசல் மாதிரி, கெர்னல் முகவரி ஈரம் மாதிரி.

இது நுண்மேம்படுத்தல் என்ற பெயருக்குள் அடங்காது; வடிவமைப்பையே மாற்றிய வேலை. வேகமும் கிடைத்தது, நிரலும் எளிமையானது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

ஆனால் பழையதன் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக்சஸ்-ஓகே-யை அழைக்கும் ஒவ்வொருவரும், படிக்கவா எழுதவா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதி 386-க்காக வைத்தது. 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்பிலிருந்து லினக்ஸ் 386-க்கு விடைகொடுத்துவிட்டது. அதன் பிறகும் கெர்னல் முழுவதிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் புரோகிராமர்கள் ‘படிக்க’, ‘எழுத’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்பார் யாரும் இல்லை. சில இடங்களில் தப்பாகவும் சொன்னார்கள், அதையும் கேட்பார் இல்லை. 2019 ஜனவரியில்தான் டோர்வால்ட்ஸ் அந்தச் சொல்லை எல்லா இடத்திலிருந்தும் ஒரே வீச்சில் நீக்கினார். மார்ச்சில் வந்த 5.0 பதிப்பில் அது இல்லை. செயலி செத்து ஆறு வருடம் அதன் மிச்சம் நிரலில் இருந்தது. ஒரு காலத்தின் வன்பொருளுக்காகச் செய்த ஏற்பாடு, நூற்றுக்கணக்கான அழைப்பிடங்களில் பரவிவிட்டால் அதை அகற்றுவது எவ்வளவு பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

காவலைத் தற்காலிகமாகத் தூக்குதல்

386-இன் இன்னொரு மிச்சம் இவ்வளவு சாதுவாக இருக்கவில்லை. சிலசமயம் கெர்னலே தனக்குள் ஒரு கோப்பைப் படிக்கவோ எழுதவோ வேண்டியிருக்கும். அதற்கான வழிகள் எல்லாம் பயன்பாட்டு நிரல்களுக்காக எழுதியவை. முகவரி கெர்னல் பக்கத்தில் இருந்தால் மறுத்துவிடும். அதற்கென்று தனி வழி எழுதாமல், செட்-எஃப்எஸ் என்ற குறுக்குவழியை வைத்திருந்தார்கள். அதை அழைத்தால் எல்லை தற்காலிகமாக நீங்கி, எந்த முகவரியும் ‘சரி’ ஆகிவிடும். வேலை முடிந்ததும் எல்லையைத் திரும்ப வைக்க வேண்டும். எஃப்எஸ் என்பது அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்ட ஒரு செயலிப் பதிவேடு. அது இந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் பெயர் மாறவில்லை.

திரும்ப வைக்க மறந்தால்? திரும்ப வைப்பதற்கு முன்பே நிரல் செத்தால்? 2010-இல் நெல்சன் எல்ஹேஜ் கண்டுபிடித்த ஓட்டை இதுதான். எல்லை நீங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கெர்னலைத் தடுக்கி விழவைத்தால், கெர்னல் அந்த நிரலை முடித்துவைக்கப் போகும். முடித்துவைக்கும் சடங்குகளில் ஒன்று, நிரல் முன்னமே பதிவுசெய்து வைத்த ஒரு முகவரியில் பூஜ்யத்தை எழுதுவது. எல்லை இன்னும் நீங்கியே இருப்பதால், அந்த முகவரி கெர்னலுக்குள் இருந்தாலும் பூஜ்யம் விழும். கெர்னலுக்குள் தான் விரும்பிய இடத்தில் ஒரு பூஜ்யம் விழுந்தால் போதும், கைதேர்ந்தவர் அதை வைத்துக் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வார். இந்தக் குறை, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2010-4258 என்று பதிவானது. அதைப் பயன்படுத்தித் தாக்கும் நிரலும் அந்த டிசம்பரிலேயே வெளிவந்தது.

அப்போதைய திருத்தம் ஒரே வரி: நிரலை முடித்துவைக்கும் இடத்தில் எல்லையைத் திரும்ப வை. குறுக்குவழியை வேரோடு பிடுங்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. கிறிஸ்டோஃப் ஹெல்விக் அதைப் பயன்படுத்திய இடங்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதி, 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் எக்ஸ்86-இலிருந்து நீக்கினார். 2022 மே மாதம் வந்த 5.18-இல் ஆர்ண்ட் பெர்க்மனின் வேலையால் மீதிச் செயலி வகைகள் அனைத்திலிருந்தும் போனது. இதில் வேகக் கணக்கும் உண்டு: எல்லை மாறிக்கொண்டிருக்கும்வரை, ஒவ்வொரு சோதனையும் அப்போதைய எல்லையை நினைவகத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். மாறாத எல்லை என்றால் அது கட்டளைக்குள்ளேயே எழுதிய மாறிலி. சுத்தம் செய்ததால்தான் பின்னால் வந்த வேகம் சாத்தியமாயிற்று.

கைவேலையும் கம்பைலரும்

2013 வரை எக்ஸ்86-இல் இந்தச் சோதனை கையால் எழுதிய அசெம்ப்ளி கட்டளைகளாக இருந்தது. கூட்டு, மிச்சத்தைக் கழி, ஒப்பிடு, மறுபடி மிச்சத்தைக் கழி என்று கிளையே பிரியாமல் நான்கு கட்டளையில் முடியும்படி செதுக்கிய வேலை. கிளை பிரிதல் என்றாலே செலவு என்ற காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று தொங்குபவை. முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது. இன்றைய செயலியோ ஒரே நேரத்தில் பல கட்டளைகளை ஓட்டும். வழக்கமாக ஒரே பக்கம் போகும் கிளையை முன்கூட்டியே சரியாக ஊகிக்கும். 2013 இறுதியில் டோர்வால்ட்ஸ் இதை எடுத்துவிட்டுச் சாதாரண சி மொழியில் எழுதினார். கம்பைலருக்குச் சோதனையின் உள்விவரம் தெரிந்ததால், கட்டளைகளை இடம்மாற்றி அடுக்க முடிந்தது. நீளம் மாறிலியாக இருக்கும் இடங்களில் பாதிச் சோதனையை நிரல் தொகுக்கும்போதே முடித்துவிட முடிந்தது. படிக்க எளிதான வடிவம், செதுக்கிய வடிவத்தைவிட நல்ல கட்டளைகளைத் தந்தது. அந்தக் காலத்துச் செதுக்கல் தவறில்லை. செயலி மாறிப்போனது, அவ்வளவுதான்.

மறந்த ஒரு வரி

செலவு வேறொரு திசையிலிருந்து ஏறியது. 2014-இல் இன்டெல் பிராட்வெல் செயலிகளில் ஸ்மேப் என்ற பாதுகாப்பு வந்தது. கெர்னல் தன் நிலையில் இருக்கும்போது, வெளிப்படையாகக் கதவைத் திறந்தால் ஒழிய, பயனர் பக்கத்து நினைவகத்தைத் தொட முடியாது. தொடுவதற்கு முன் ஒரு கட்டளையால் திற, தொட்டபின் இன்னொன்றால் மூடு. ஆன்ட்ராய்டு கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் செயலிகளிலும் பேன் என்ற பெயரில் இதே ஏற்பாடு உண்டு. நல்ல காவல்தான், ஆனால் திறந்து மூடும் கட்டளைகள் மலிவானவை இல்லை. ஒரு கட்டமைப்பின் ஏழெட்டு உறுப்புகளைத் தனித்தனியாகப் பயனருக்கு எழுதும்போது, ஏழெட்டு முறை திறந்து மூடுவது கண்ணை உறுத்தியது.

அதற்காக 2016-இல் ஒரு புதிய வழி வந்தது: ஒருமுறை சோதி, ஒருமுறை திற, எல்லாவற்றையும் எழுது, ஒருமுறை மூடு. இடையில் எழுதும் அழைப்புகள் எந்தச் சோதனையும் செய்யாது. பயமுறுத்துவதற்கென்றே அவற்றுக்கு ‘அன்சேஃப்’ என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் யாரையும் பயமுறுத்தவில்லை. 2017-இல் வெயிட்-ஐடி என்ற அழைப்பை இந்த வழிக்கு மாற்றினார்கள். மாற்றியவர் கெர்னலின் கோப்பு முறைமைப் பகுதியை நெடுநாள் பராமரித்துவரும் அல் வீரோ. இந்தத் துறையில் அவருக்குத் தெரியாதது குறைவு. கதவைத் திறக்கும் வரி இருந்தது, எழுதும் வரிகள் இருந்தன, மூடும் வரி இருந்தது. முதலில் இருக்க வேண்டிய ஆக்சஸ்-ஓகே வரி மட்டும் இல்லை. பழைய வழியில் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் அது ஒளிந்திருந்ததால், எடுத்தபோது போனது தெரியவில்லை. செப்டம்பரில் வெளியான 4.13 பதிப்பில், எந்தச் சாதாரண நிரலும் கெர்னலுக்குள் தான் சொன்ன இடத்தில் எழுதவைக்க முடிந்தது. அக்டோபரில் இது கண்டுபிடிக்கப்பட்டு, விடுபட்ட சோதனையைக் கீஸ் குக் சேர்த்தார். சிவிஇ-2017-5123 என்ற எண்ணில் அது இருக்கிறது.

இதே வகை விடுபடல் 2008 பிப்ரவரியில் ஒருமுறை உலகையே ஓட வைத்தது. விஎம்ஸ்ப்ளைஸ் என்ற அழைப்பில் முகவரிச் சோதனை இல்லாததால், 2.6.17 முதல் 2.6.24.1 வரையிலான பதிப்புகள் ஓடிய கணினிகளில் சாதாரணப் பயனர் எவரும் முழு அதிகாரம் பெற முடிந்தது.

இந்த வகை விடுபடலுக்கு 2019 ஜனவரியில் செய்த திருத்தம்தான் முக்கியம். கதவைத் திறக்கும் யூசர்-ஆக்சஸ்-பிகின் என்ற அழைப்பே முகவரியையும் நீளத்தையும் கேட்டு வாங்கி, சோதனையைத் தானே செய்யும்படி டோர்வால்ட்ஸ் மாற்றினார். சோதிக்காமல் திறக்கும் வழி இல்லாமல் போனது. ஒருமுறை திறந்து பலமுறை எழுதும் வேகம் அப்படியே இருந்தது. மறந்தால் ஆபத்து என்ற நிலை போய், மறந்தால் கம்பைல் ஆகாது என்ற நிலை வந்தது. சிக்கனத்தையும் பராமரிப்பையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பதாகவே இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. வெயிட்-ஐடி விஷயத்தில் கனம் பார்க்க எதுவும் இல்லை. சிக்கனத்தின் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அழைப்பவர் ஒவ்வொருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சிக்கனம் வருடக்கணக்கில் வட்டி கட்டும் கடன். ஒரே இடத்துக்குள் அடங்கிய சிக்கனம், எத்தனை விசித்திரமாக இருந்தாலும், பொறுத்துக்கொள்ளத் தக்கது.

ஊகத்தில் ஓடும் செயலி

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறை வெளியானபோது, சோதனை சரியாக இருந்தாலும் போதாது என்று தெரிந்தது. செயலி, சோதனையின் முடிவு வருமுன்பே ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று ஊகித்து அடுத்த கட்டளைகளை ஓட்டிவிடுகிறது. ஊகம் தவறென்றால் அவற்றைச் செல்லாததாக்கிவிடும். ஆனால் இடைப்பட்ட கணத்தில் கெர்னல் முகவரியிலிருந்து படித்ததன் தடயம் கேஷ் நினைவகத்தில் தங்கிவிடும். அந்தத் தடயத்தை நேரம் அளந்து படித்துவிடலாம். மருந்தாக, சோதனைக்குப் பின் எல்ஃபென்ஸ் என்ற தடுப்புக் கட்டளையைச் சேர்த்தார்கள். முந்தையவை அனைத்தும் முடியும்வரை செயலியை அது காக்கவைக்கும். கால் நானோநொடி மிச்சம் பிடித்த இடத்தில், அதைப் போலப் பல மடங்கு செலவு வந்து உட்கார்ந்தது. வேகத்துக்காகவே பிறந்த ‘அன்சேஃப்’ வழியும் மெதுவாகிப்போனது.

இங்கேதான் சமீப காலத்தின் மிக அழகான நுண்மேம்படுத்தல் வருகிறது. 2024-இல் டோர்வால்ட்ஸ் சேர்த்த முறையில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாததால் ஊகமும் இல்லை. முகவரியின் தலைப்பிட்டை எடுத்து 64 இடங்களிலும் நிரப்ப வேண்டும். பயனர் முகவரி என்றால் 64 பூஜ்யங்கள் கிடைக்கும், கெர்னல் முகவரி என்றால் 64 ஒன்றுகள். அதை மூல முகவரியோடு ‘அல்லது’ கணக்கால் சேர்க்க வேண்டும். பூஜ்யங்களோடு சேர்த்தால் முகவரி மாறாது. ஒன்றுகளோடு சேர்த்தால் எல்லாப் பிட்டும் ஒன்றாகி, எதுவும் இல்லாத ஓர் இடத்தைக் காட்டும். எடுக்கப் போனால் செயலியே தடுக்கும். பழைய அட்டவணை முறை மீட்டுக்கொள்ளும். ஊர்ப்பெயரின் 60 பைட்டுக்கு எந்த இடையூறும் இல்லை. திருட்டு முகவரி மட்டும் பாழிடத்துக்குப் போகும். இதே உத்தியை நகலெடுக்கும் வழியிலும் பயன்படுத்தித் தடுப்புக் கட்டளையை நீக்கியபோது, தானியங்கிச் சோதனை அமைப்பின் ஓர் அளவீட்டில் 2.6 சதவீத முன்னேற்றம் பதிவானது. வெளியாருக்கு இது அற்பமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான சர்வர்கள் வைத்திருப்பவருக்கு இது மின்கட்டணம்.

அழகுக்கு ஒரு விலை இருந்தது. தலைப்பிட்டை மட்டும் பார்ப்பது, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைச் செயலி எப்படி நடத்துகிறது என்பதை நம்பியிருக்கிறது. ஏஎம்டி-யின் ஜென் செயலிகள் ஊக ஓட்டத்தின்போது முகவரியின் மேல் பிட்டுகள் சிலவற்றைப் பொருட்படுத்துவதில்லை. தலைப்பிட் 0 ஆக இருந்தும், ஊகத்தில் கெர்னல் தரவைத் தொடக்கூடிய முகவரிகளைப் புனைய முடிந்தது. அக்டோபரிலேயே திருத்தம் வந்தது: தலைப்பிட்டைப் பார்ப்பதை விட்டு, பயனர் பகுதியின் உண்மையான உச்ச எல்லையோடு ஒப்பிட்டு அந்தப் பூஜ்யங்களையோ ஒன்றுகளையோ உருவாக்குவது. அந்த எல்லை எண் கணினி தொடங்கும்போது கட்டளைக்குள்ளேயே பதிக்கப்படுகிறது. ஆக, உத்தி தவறிப்போனது. அதைச் சரிசெய்ய அசெம்ப்ளியிலும் சி-யிலுமாக விரல்விட்டு எண்ணும் சில இடங்களைத் தொட்டால் போதுமாக இருந்தது. 386-க்காக வைத்த சொல்லை நீக்கக் கெர்னல் முழுவதையும் அலச வேண்டியிருந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

சென்னையில் பிறந்த செயலிக்கு என்ன சோதனை?

ஒவ்வொரு செயலி வகைக்கும் லினக்ஸில் தனிப் பகுதி உண்டு. நெடுங்காலம் அவை ஒவ்வொன்றும் ஆக்சஸ்-ஓகே-யைத் தத்தம் போக்கில் எழுதிவைத்திருந்தன. ஒவ்வொன்றும் தன் செயலிக்கு ஏற்ற சிக்கனம் என்றுதான் நினைத்திருக்கும். 2022-இல் பெர்க்மன் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சி-ஸ்கை, ஹெக்சகன், மைக்ரோபிளேஸ் ஆகிய மூன்றில் முன்னே சொன்ன வழிந்து சுற்றிவரும் பிழை இருந்தது. அதிகம் பேர் பயன்படுத்தாத செயலிகள். அதிகம் பேர் படிக்காத நிரல். அவர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வடிவத்தை வைத்தார். நீளம் மாறிலியாக இருக்கும் வழக்கமான இடங்களில் அது ஒரே ஒப்பீடாகச் சுருங்கிவிடும். சரியான வடிவமும் வேகமான வடிவமும் ஒன்றாகவே இருந்தது. தனித்தனியாகச் செதுக்கியவர்கள்தான் தவறியிருந்தார்கள்.

இதனால் பயனடைவது புதிய செயலிகள். சென்னை ஐஐடி-யின் ரைஸ் ஆய்வகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் அமைந்தது. இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாரான அதன் சில்லு 2018-இல் லினக்ஸை ஓட்டியது. சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் அதே வருடம் ஒன்று தயாரானது. ரிஸ்க்-ஃபைவுக்கு லினக்ஸில் இடம் கிடைத்ததே 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில்தான். இந்தச் செயலிகளில் வழக்கமான எஸ்வி-39 என்ற முகவரி முறையில் பயனர் பகுதி 128 டெராபைட் இல்லை, வெறும் 256 ஜிகாபைட். ஸ்மேப்புக்கு ஈடாக எஸ்யூஎம் என்ற ஒரு பிட் உண்டு. எக்ஸ்86-இன் உத்திகள் இங்கே அப்படியே ஒத்துவராது. பொதுவான வடிவத்தில் எல்லை எண்ணை மட்டும் மாற்றினால் சோதனை தயார். சென்னையில் இருப்பவர்கள் அதைத் தனியே எழுதித் தனியே தவற வேண்டியதில்லை.

காமகோடியும் செஸ்டர் ரெபெய்ரோவும் உள்ளிட்ட அதே குழுவினர் இன்னொரு வழியையும் முயன்றார்கள். 2019-இல் வெளியிட்ட சக்தி-எம்எஸ் வடிவமைப்பில், சோதனை செயலிக்குள்ளேயே போய்விடுகிறது. ஒவ்வொரு சுட்டியும் தனக்குரிய பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரத்தையும், அந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் அடையாளத்தையும் சுமந்து செல்லும். புதிய கட்டளைகளைக் கம்பைலர் இட, செயலி சரிபார்க்கும். சி மொழியில் எழுதிய பழைய நிரல்களின் நினைவகப் பிழைகளைப் பிடிப்பது இதன் நோக்கம். புரோகிராமர் மறப்பதற்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் சில்லில் இடமும், ஓட்டத்தில் நேரமும் கேட்கும். கம்பைலரையும் மாற்ற வேண்டும். கெர்னலின் எல்லைச் சோதனைக்கு இது மாற்று ஆகாது. அந்தச் சோதனை ‘பயனர் பக்கமா, கெர்னல் பக்கமா’ என்பதை மட்டுமே பார்க்கிறது. சக்தி-எம்எஸ் பார்ப்பது ஒரு நிரலுக்குள் ஒரு சுட்டி தன் வரம்பை மீறுகிறதா என்பதை.

ஊர்ப்பெயரின் 60 பைட்டுக்குத் திரும்பினால், ஒரு சங்கதி மீதி இருக்கிறது. எழுதும் அழைப்பு ஒன்றில் அதே முகவரி ஒருமுறைக்கு மேல் சோதிக்கப்படுகிறது: கோப்பு முறைமையின் வாசலில் ஒருமுறை, உண்மையில் நகலெடுக்கும் இடத்தில் மறுமுறை. இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எடுக்கலாம்; ஆனால் நகலெடுக்கும் இடத்தில் இருப்பதை எடுத்தால், நாளை வேறொரு வாசல் வழியாக வருபவர் சோதனையில்லாமல் உள்ளே போவார். 2008-இலும் 2017-இலும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். நன்றாக ஊகிக்கக்கூடிய ஒரு கிளையின் செலவு, அந்த அழைப்பின் மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாத பங்கு. இரட்டிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கெர்னல் டிரைவர் எழுதிப் பழகும் மாணவர்கள், இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் நகலெடுக்கும் அழைப்புகளின் பெயருக்கு முன்னால் இரண்டு கீழ்க்கோடுகள் போட்ட வடிவங்களைப் பார்ப்பார்கள். அவை வேகமானவை என்ற பெயரும் உண்டு. அவை சோதனையைச் செய்யாத வடிவங்கள். அழைப்பவர் முன்னமே சோதித்திருக்கிறார் என்று நம்பி ஓடுபவை. கீழ்க்கோடு இல்லாத காப்பி-ஃப்ரம்-யூசர், காப்பி-டு-யூசர் என்ற இரண்டையும் பயன்படுத்திவிட்டு, டிரைவர் மெதுவாக இருந்தால் பெர்ஃப் கருவியால் அளந்து பாருங்கள். நேரம் வேறெங்காவது போய்க்கொண்டிருக்கும்.